கம்ப்ரசர் தெருவையும் சேர்த்தே தூக்கும்: வீட்டு ரெக்கார்டிங்குக்குச் சேனல் ஸ்ட்ரிப் வாங்க முழுமையான வழிகாட்டி

"தம்பி, நான் மூச்சு விடுற எடத்துலயெல்லாம் ஃபேன் பாடுதே, கவனிச்சீகளா?"

அவனியாபுரத்திலிருந்து என் அறைக்குப் பாட வரும் நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டே இப்படிக் கேட்டார். நான் அப்போதுதான் பழைய சேனல் ஸ்ட்ரிப் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். ஆடி மாதத் திருவிழாவுக்காக முளைப்பாரிப் பாட்டு ஒன்பது எடுத்திருந்தோம். கம்ப்ரசர் முள் பத்து டெசிபல் வரை இறங்கி ஏறுவதைப் பார்த்து, 'ஆகா, ஸ்டூடியோ சத்தம் வந்துவிட்டது' என்று நான் மயங்கிப் போயிருந்தேன். பதிவாகும்போதே அமுக்கிவிட்டதால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. அண்ணன் ஒன்பது பாட்டையும் இன்னொரு முறை பாடினார். இந்த முறை ஃபேன் இல்லாமல், துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

திருப்பரங்குன்றத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்து மாடி அறை என்னுடையது. முருகன் கல்யாணம் நடந்த தலம் என்பதால் முகூர்த்த நாளென்றால் ஊரே கல்யாண வீடாகிவிடும். அன்றைக்கு நான் ரெக்கார்டிங் வைப்பதே இல்லை. இந்த மாதிரி அறையில் உட்கார்ந்துகொண்டு என்ன வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று கற்றுக்கொண்டதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதலில், இந்தப் பெட்டி என்ன செய்கிறது?

பெரிய ஸ்டூடியோ மிக்சரில் ஒரு மைக்குக்கு ஒரு நெடுவரிசை இருக்கும். மேலே ப்ரீஆம்ப், அதன் கீழே தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ, கம்ப்ரசர் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அந்த ஒரு வரிசையை மட்டும் பிய்த்து எடுத்துத் தனிப்பெட்டியில் போட்டால் அதுதான் சேனல் ஸ்ட்ரிப். ப்ரீஆம்ப், மைக்கிலிருந்து வரும் மில்லிவோல்ட் அளவு சிக்னலை லைன் லெவலுக்கு உயர்த்துகிறது. கம்ப்ரசர், சத்தமான இடத்தைக் குறைத்து மெதுவான இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது.

இங்கேதான் சூட்சுமம். உரத்த இடம் குறைந்துவிட்டதால் மொத்தச் சத்தமும் சின்னதாகத் தெரியும். அதை ஈடுகட்ட மேக்கப் கெயின் திருகுவோம். உச்சத்தில் 10 டெசிபல் அமுக்கி, பிறகு 10 டெசிபல் ஏற்றினால், பாடாத இடத்தில் இருக்கும் ஃபேன், தெரு, பக்கத்து வீட்டு மிக்சி எல்லாமும் அதே 10 டெசிபல் ஏறிவிடும். காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம். என் முளைப்பாரிப் பாட்டில் நடந்தது இதுதான்.

அதனால் எந்தக் கம்ப்ரசர் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் அறை எத்தனை டெசிபல் அமுக்கலைத் தாங்கும்? மற்ற முடிவுகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

முதல் படி: அறையை அளந்து பாருங்கள்

இதற்குக் காசு வேண்டாம். இப்போது இருக்கும் மைக், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் போதும். வழக்கமாகப் பாடும் தூரத்தில் நின்று ஒரு பல்லவியை வழக்கமான சத்தத்தில் பாடிப் பதியுங்கள். கெயினைத் தொடாமல், அப்படியே ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். ரெக்கார்டிங் மென்பொருளின் மீட்டரில் (அதில் 0-தான் உச்ச எல்லை) பாடிய பகுதியின் சராசரி அளவையும் மௌனப் பகுதியின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பாடும்போது -20, மௌனத்தில் -65 என்றால் இடைவெளி 45 டெசிபல்.

என் அனுபவத்தில், 50-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. எந்த ஸ்ட்ரிப் வாங்கினாலும் ஓரளவு பயன்படுத்தலாம். 40-க்கும் 50-க்கும் நடுவில் என்றால் மூன்று நான்கு டெசிபல் மட்டும் அமுக்கலாம். 40-க்குக் கீழே என்றால் ஸ்ட்ரிப் வாங்கும் பணத்தைக் கனமான ஜன்னல் திரைக்கும் கதவிடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டைக்கும் செலவழியுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கிவிடும். புதுப் பெட்டி வாங்கும் ஆசையில் இருப்பவரிடம் திரைச்சீலையைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அளப்பதை மூன்று வெவ்வேறு நேரங்களில் செய்யுங்கள். என் அறையில் பிற்பகல் இரண்டு மணி பரவாயில்லை. விடியற்காலை எல்லா மாதமும் அருமை, மார்கழியைத் தவிர. அப்போது கோயில் குழாய் ஒலிபெருக்கி நம்மைவிட முன்னால் எழுந்துவிடும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருப்பவர்கள் பம்புசெட் ஓடும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஃபேன் ஓடும்போது ஒரு முறை, நிறுத்தி ஒரு முறை அளந்தால் வித்தியாசம் உங்களுக்கே அதிர்ச்சியாக இருக்கும்.

இரண்டாவது படி: மைக்குக்கு எவ்வளவு கெயின் வேண்டும்?

ப்ரீஆம்ப் வேண்டுமா வேண்டாமா என்பதை மைக்தான் முடிவு செய்கிறது. ஒரே சத்தத்துக்கு ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு அளவு மின்னழுத்தம் தரும். கோயில் மேடை முதல் கல்யாண மண்டபம் வரை நாம் பார்த்துப் பழகிய ஷூர் எஸ்எம்58, 94 டெசிபல் சத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட் தருகிறது. பாட்காஸ்ட்காரர்கள் முன்னால் தொங்கும் எஸ்எம்7பி இன்னும் சோம்பேறி, 1.12 மில்லிவோல்ட்தான். கன்டென்சர் மைக்கான ரோட் என்டி1-ஏ அதே சத்தத்துக்கு 25 மில்லிவோல்ட் தரும். எஸ்எம்58-ஐவிட இது 22 டெசிபல் கூடுதல். அந்த அளவுக்கு ப்ரீஆம்புக்கு வேலை மிச்சம்.

ஆகவே உங்களிடம் கன்டென்சர் இருந்தால், இன்டர்ஃபேஸில் ஏற்கெனவே இருக்கும் ப்ரீஆம்ப் பெரும்பாலும் போதும். கெயின் குமிழ் பாதியில் நிற்கும்போதே சிக்னல் வந்துவிடும். தனி ப்ரீஆம்ப் வாங்கினால் குணம் கொஞ்சம் மாறலாம், இரைச்சல் குறையாது. ஏனென்றால் அங்கே கேட்கும் இரைச்சல் அறையுடையது. ப்ரீஆம்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

எஸ்எம்58, எஸ்எம்7பி மாதிரி டைனமிக் மைக் வைத்துக்கொண்டு மெதுவாகக் கதை வாசிப்பவர், தாலாட்டுப் பாடுபவர் கதை வேறு. எஸ்எம்7பி-க்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று அதைச் செய்யும் நிறுவனமே சொல்கிறது. பழைய, மலிவான இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் அவ்வளவு கெயின் கிடையாது. இருந்தாலும் கடைசித் திருகலில் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் எழும். இவர்களுக்கு நல்ல ப்ரீஆம்ப் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும். ஆனால் கெயின் மட்டும்தான் குறை என்றால், கிளவுட்லிஃப்டர் மாதிரி மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் செருகும் சின்னப் பூஸ்டரே போதும். மைக் கேபிள் வழியாகவே வரும் ஃபேன்டம் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு 25 டெசிபல் வரை ஏற்றித் தரும். முழு ஸ்ட்ரிப்பை நோக்கி ஓட வேண்டாம்.

நாதஸ்வரம், தவில், பறை, உறுமி எடுப்பவர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அங்கே கெயின் தேவையே இல்லை, குறைக்கத்தான் வேண்டும். 20 டெசிபல் குறைக்கும் பேட் பொத்தான் ஸ்ட்ரிப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சீவாளியில் வாய் வைத்த முதல் மூச்சிலேயே சிவப்பு விளக்கு எரிந்துவிடும்.

மூன்றாவது படி: பதிவின்போதே அமுக்க உங்களுக்குக் காரணம் இருக்கிறதா?

டேப் காலத்தில் இதற்குப் பதில் எளிது. டேப்புக்கு என்று ஓர் இரைச்சல் உண்டு. சிக்னல் அதில் முங்கிவிடாமல் எப்போதும் உரக்கப் பதிய வேண்டும், உச்சத்தில் உடையவும் கூடாது. அதனால் உள்ளே போகும்போதே கம்ப்ரசர் வேண்டியிருந்தது. இன்றைக்கு 24 பிட்டில் பதிகிறோம். அதன் ஒலிவீச்சு கணக்குப்படி 144 டெசிபல்; 16 பிட்டுக்கு 96. உச்சம் -12-ல் நிற்கும்படி நிம்மதியாகப் பதிந்துவிட்டு, அமுக்குவதைப் பிறகு மென்பொருளில் செய்யலாம். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு வேறு மாதிரி செய்யலாம். பெட்டிக்குள் அமுக்கியதை அப்படி அழிக்க முடியாது.

அப்படியானால் ஏன்தான் வாங்குகிறார்கள்? எனக்குத் தெரிந்து நியாயமான காரணங்கள் மூன்று. ஒன்று, பாடுகிறவர் தன் குரலைத் தாமதம் இல்லாமல், அமுக்கிய வடிவிலேயே ஹெட்ஃபோனில் கேட்கலாம். அப்போது பாடும் விதமே மாறும். மெல்லிய சங்கதிகூடத் தன் காதுக்குத் தெளிவாக விழுவதால் தொண்டையை வருத்திக் கத்த மாட்டார். இரண்டாவது, நேரலையும் ஆன்லைன் வகுப்பும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்குப் பிறகு சரிசெய்ய 'பிறகு' என்று ஒன்றே கிடையாது. மூன்றாவது, தினமும் ஒரே குரலை ஒரே மாதிரி பதிகிறவர்கள்: விளம்பரக் குரல், ஒலிப்புத்தகம். ஒரு முறை குமிழ்களைச் சரிசெய்து வைத்துவிட்டால் மாதக்கணக்கில் தொட வேண்டாம்.

இந்த மூன்றில் ஒன்றும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு நல்ல மைக் வாங்கப் போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான்காவது படி: ப்ரீஆம்ப் பகுதியை எடைபோடுவது

விவரத்தாளில் கண்ணை ஓட்ட வேண்டிய இடங்கள் சிலதான். கெயின் குறைந்தது 60 டெசிபல். இன்புட் இரைச்சல் (எண் கீழே போகப் போக நல்லது) -125-க்கும் -130-க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். 150 ஓம் மைக்குக்கு இயற்பியலே விதித்த எல்லை -131 டெசிபல் பக்கம். அதனால் -127-க்கும் -129-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ரயில் பாதை பக்கத்தில் இருக்கும்வரை. 48 வோல்ட் ஃபேன்டம், பேட், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட் ஆகியவை கட்டாயம். லோ-கட் மட்டுமே ஃபேன் அதிர்வையும் தெருவில் போகும் லாரியின் உறுமலையும் பாதியாக்கிவிடும். அது கம்ப்ரசருக்கு முன்னால் வேலை செய்வதும் முக்கியம். இல்லையென்றால் லாரி போகும்போதெல்லாம் கம்ப்ரசர் உங்கள் குரலை அமுக்கும்.

வால்வு பற்றி ஒரு வார்த்தை. பளபளக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் வால்வு எரிந்தால் வாங்குகிறவர் மனம் உருகுகிறது. தாத்தா வீட்டு வால்வு ரேடியோ நினைவுக்கு வரும், நியாயம்தான். ஆனால் விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு அதற்குரிய உயர் மின்னழுத்தத்தைக் கொடுக்காமல் குறைந்த வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். கிடைப்பது வால்வின் இதம் இல்லை, கொஞ்சம் கலங்கல். அதற்கும் ஓர் இடம் உண்டு. கானா, ராக் குரலுக்குப் பிடித்துப்போகலாம். சுத்தமான கர்நாடகக் குரலுக்கு வேண்டாம் என்பேன். மே மாதத்து மாடி அறையில் வால்வு பெட்டி தன் பங்குக்கு இன்னும் சூடேற்றும் என்பதும் ஒரு கணக்கு.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது வேறு குணம். 1970-ல் வந்த நீவ் 1073 இதற்குப் பேர்போனது. கீழ்க்குரலுக்குத் தடிமன் கொடுக்கும். ஃபோக்கஸ்ரைட் ஐஎஸ்ஏ ஒன் இந்த வழியில் வந்த தனி ப்ரீஆம்ப், உள்ளே லண்டால் டிரான்ஸ்ஃபார்மர், கம்ப்ரசர் கிடையாது. பதிவின்போது அமுக்கத் தேவையில்லை, ஆனால் நல்ல ப்ரீஆம்ப் வேண்டும் என்பவருக்கு இப்படிப்பட்ட பெட்டிதான் பொருத்தம்.

ஐந்தாவது படி: கம்ப்ரசரின் குணமும் நம் மொழியும்

கணக்கு எளிதுதான். அமுக்கல் தொடங்கும் அளவான திரெஷோல்டைத் தாண்டி 8 டெசிபல் ஏறுகிறீர்கள், விகிதம் 4:1 என்றால், வெளியே 2 டெசிபல் மட்டும் ஏறும். 6 டெசிபல் அமுக்கப்பட்டுவிட்டது. அட்டாக் என்பது அமுக்கத் தொடங்கும் வேகம், ரிலீஸ் என்பது கையை எடுக்கும் வேகம். குணம் முழுவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

ஆப்டோ வகையில் ஒரு விளக்கின் ஒளி கெயினைக் கட்டுப்படுத்துகிறது. எல்ஏ-2ஏ இதன் மூதாதை. அட்டாக் ஏறத்தாழ 10 மில்லி நொடி. ரிலீஸ் முதல் பாதி சட்டென்று, மீதி சில நொடிகள் நீளும். விளக்குக்குப் பதில் ஒரு வகை டிரான்சிஸ்டர் கட்டுப்படுத்தும் ஃபெட் வகையில் புகழ்பெற்றது 1967-ல் பில் புட்னம் உருவாக்கிய 1176. அதன் அட்டாக் ஒரு மில்லி நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு வரை வேகமாகப் பிடிக்கும். மின்னழுத்தத்தால் கெயினைக் கட்டுப்படுத்தும் விசிஏ வகை இரண்டுக்கும் நடுவில், சொன்னபடி கேட்கும், முகம் காட்டாது. யுனிவர்சல் ஆடியோவின் எல்ஏ-610 ஆப்டோ வகை, 6176-ல் 1176 இருக்கிறது. இரண்டிலும் ப்ரீஆம்ப் ஒன்றேதான், புட்னமின் 610. ஒரே நிறுவனம் ஒரே ப்ரீஆம்புக்கு இரண்டு கம்ப்ரசர் கட்டி இரண்டு பெட்டியாக விற்கிறது என்றாலே, கம்ப்ரசரின் குணம் எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளலாம்.

இனி நம் மொழி. தமிழில் 'பாட்டு', 'பத்து', 'அக்கா' என்று வல்லினம் இரட்டிக்கும்போது, நடுவில் வாய் முழுதாக அடைத்து ஒரு கணம் மௌனம் விழுகிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாக அந்த மௌனம் நீளும். ரிலீஸ் 50 மில்லி நொடியில் வைத்தால், அந்த மௌனத்துக்குள் கம்ப்ரசர் கையை எடுத்துவிடும். ஃபேன் சத்தம் குபுக்கென்று எழுந்து, அடுத்த 'ட்டு' வந்ததும் அமுங்கும். ஒவ்வொரு 'பாட்டு'க்குள்ளும் ஒரு பெருமூச்சு. அண்ணன் காதில் விழுந்தது இந்தப் பெருமூச்சுதான். ரிலீஸை 200 முதல் 300 மில்லி நொடிக்கு ஏற்றியதும் பாதி நோய் தீர்ந்தது.

அட்டாக்கும் இப்படியே. மிக வேகமாக வைத்தால் 'கட்டு', 'வெட்டு' என்பதில் இருக்கும் வெடிப்பு மழுங்கிவிடும். கும்மியும் ஒயிலும் அந்த வெடிப்பில்தான் நடக்கிறது. 10 முதல் 20 மில்லி நொடி வைத்தால் வெடிப்பு தப்பித்து வெளியே வந்துவிடும், பிறகு நெடில் மட்டும் அமுங்கும். கமகத்துக்கும் நீண்ட கார்வைக்கும் ஆப்டோ வகை ஒத்துவரும். அது மெதுவாக விடுவதால் அசைவின் ஏற்ற இறக்கம் தெரியாமல் தட்டையாவதில்லை. மதுரையில் பிறந்த இரண்டு குரல்களை நினைத்துப் பாருங்கள். டி.எம்.எஸ். மாதிரி நெஞ்சிலிருந்து திறந்து பாடுகிறவருக்கு வேண்டிய கம்ப்ரசரும், எம்.எஸ். மாதிரி இழையை இழுத்துக்கொண்டே போகிறவருக்கு வேண்டியதும் ஒன்றாக இருக்க முடியாது.

விலை குறைந்த பெட்டிகளில் பலவற்றில் அட்டாக், ரிலீஸ் குமிழே இருக்காது. வீட்டுக்காரர்கள் அதிகம் வாங்கும் டிபிஎக்ஸ் 286எஸ் அப்படித்தான்: டிரைவ், டென்சிட்டி என்று இரண்டே குமிழ், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். கூடவே 'ஸ்' சத்தத்தின் கூர்மையைக் குறைக்கும் டீ-எஸ்ஸர், குரலைப் பளிச்சென்று ஆக்கும் என்ஹான்சர், பாடாத இடத்தில் சத்தத்தை மூடிவிடும் 'கேட்'. பேச்சுக்கு அது உழைப்பாளி. பாட்டுக்கு டென்சிட்டியைப் பாதிக்குக் கீழேயே வையுங்கள்.

டீ-எஸ்ஸர் பக்திப்பாட்டுக்காரர்களுக்குத் தேவைப்படும். 'ஸ்ரீ', 'ஷண்முகா', 'சரஸ்வதி' என்று வரிசையாக வந்தால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காதில் ஊசி குத்தும். கம்ப்ரசர் அதை இன்னும் கூர்மையாக்கும். ஆனால் அதிகம் போட்டால் பாடுகிறவர் நாக்குத் தடித்தவர் மாதிரி ஆகிவிடுவார்.

கேட்டைப் பற்றி என் கருத்து கடுமையானது: பதிவின்போது தொடவே தொடாதீர்கள். தமிழ்ச் சொற்கள் 'ம்', 'ன்', 'ல்' என்று மெல்ல முடிகின்றன. கேட் அந்தக் கடைசி மெய்யைக் கடித்துத் தின்றுவிடும். 'வந்தான்' என்று பாடினால் 'வந்தா' என்று பதிவாகும். ஆணா பெண்ணா என்றே தெரியாமல் போய்விடும்.

ஆறாவது படி: இன்டர்ஃபேஸோடு இணைப்பது

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. ஸ்ட்ரிப்பிலிருந்து வருவது ஏற்கெனவே பெரிதான லைன் லெவல். அதை எக்ஸ்எல்ஆர் கேபிளில் இன்டர்ஃபேஸின் மைக் துளையில் செருகினால் இரண்டாவது ப்ரீஆம்ப் வழியாகப் போகும். சத்தம் உடையும், 'பெட்டி சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். ஸ்ட்ரிப்பின் லைன் அவுட்டிலிருந்து கால் அங்குல டிஆர்எஸ் கேபிள் எடுத்து, இன்டர்ஃபேஸில் லைன் என்று போட்டிருக்கும் இடத்தில் செருகுங்கள். மைக்குக்கும் ஜாக்குக்கும் ஒரே கூட்டுத் துளை இருந்தால் நடுத்துளைதான் லைன். கிதார் போடும் 'இன்ஸ்ட்' பொத்தான் அணைந்திருக்க வேண்டும். இன்டர்ஃபேஸின் கெயினைக் கடைசி வரை குறைத்துவிடுங்கள்.

சில இன்டர்ஃபேஸ்களில் மைக் துளை மட்டும்தான் இருக்கும். அப்படியானால் ஸ்ட்ரிப் வாங்குவதற்கு முன்னால் இன்டர்ஃபேஸை மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஏழாவது படி: கரண்டும் எர்த்தும்

ஸ்ட்ரிப் வந்து இறங்கிய முதல் நாளே 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் கேட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். ஹம் போய்விட்டால் குற்றவாளி சார்ஜர்தான், அதாவது கருவிகளின் எர்த் கம்பிகள் ஒரு சுற்றாக இணைந்துவிடும் எர்த் வளையம். எல்லாக் கருவியையும் ஒரே பிளக் பலகையில், ஒரே எர்த்தில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. மைக் பாடுகிறவர் உதட்டில் படுகிற பொருள். அந்த விளையாட்டு வேண்டாம்.

எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதைவிட நிறைய வந்தால் எர்த் சரியில்லை. சித்திரை, வைகாசியில் மண் காய்ந்துவிடுவதால் நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். பழைய வீடுகளில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றியே மாதங்கள் ஆகியிருக்கும்.

இன்வெர்ட்டர் இன்னொரு தலைவலி. மலிவான, சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் எந்த ஸ்ட்ரிப்பும் வண்டு மாதிரி முரலும். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டி என்றால் பின்பக்கத்தில் 115 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்க்காமல் செருகாதீர்கள். ஒரே நொடியில் புகைதான்.

எட்டாவது படி: கடையில் சோதிப்பது

மதுரையில் எல்லாப் பெட்டியும் தட்டில் கிடைக்காது. சென்னைக்குப் போக வேண்டியிருந்தால் உங்கள் மைக், கேபிள், ஹெட்ஃபோன் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடை மைக்கில் கேட்டு வாங்கினால் கடை மைக்கோடுதான் அந்தச் சத்தம் வரும்.

ஒரே வரியை இரண்டு பெட்டியிலும் பாடிப் பதியுங்கள். கேட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டின் சத்தத்தையும் மீட்டர் பார்த்துச் சமமாக்குங்கள். ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது 'இதுதான் நல்லது' என்று சொல்லிவிடும். இந்த ஏமாற்றத்தில்தான் பாதிப் பெட்டிகள் விற்கின்றன. கம்ப்ரசரைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போதும் இதே விதி. அன்றே முடிவு செய்யாமல் பதிவை வீட்டுக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாதபடி பெயரை மாற்றி வீட்டில் இன்னொருவரைப் போட்டுக்காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பழையது வாங்கினால் கூடுதலாக மூன்று வேலை. எல்லாக் குமிழையும் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு திருகுங்கள். கரகரப்பு வந்தால் சுத்தம் செய்யக் கூடியதுதான், விலையைக் குறைக்கக் கேளுங்கள். ஃபேன்டத்தைப் போட்டு மைக் கேபிளின் ஒன்றாவது, இரண்டாவது பின்களுக்கு நடுவில் மீட்டர் வையுங்கள். பிறகு ஒன்று, மூன்றாவது பின்களுக்கு நடுவில். 44 முதல் 52 வோல்ட் வரை சரி. வால்வு பெட்டி என்றால் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். 'டிங்' என்று ஸ்பீக்கரில் மணி அடித்தால் வால்வு மாற்ற வேண்டும். வாரண்டி யார் தருகிறார்கள், சர்வீஸ் எந்த ஊரில் என்று கேட்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பார்சலில் அனுப்பி வாங்கும் செலவே சில சமயம் பாதி விலையைத் தின்றுவிடும்.

பணத்தைப் பங்கிடுவதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு: மைக்கின் விலையைவிட ஸ்ட்ரிப்பின் விலை கூடக் கூடாது, அறைக்குச் செலவழித்ததைவிட மைக் கூடக் கூடாது. அவலான் விடி-737 மாதிரிப் பெட்டியைக் கனவு காணலாம், தப்பில்லை. ஆனால் தகரக் கூரை அறையில் அது தகரக் கூரையைத்தான் துல்லியமாகப் பதியும்.

ஒன்பதாவது படி: வாங்கி வந்த பிறகு, முதல் நாள்

கம்ப்ரசர், ஈக்யூ, என்ஹான்சர் எல்லாவற்றையும் பைபாஸில் போடுங்கள், அதாவது வேலை செய்யாமல் நிறுத்துங்கள். பாடுகிறவரைப் பாட்டின் உச்சமான வரியைப் பாடச் சொல்லுங்கள். மெல்லிய பல்லவியை வைத்துக் கெயின் பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, சரணத்தில் உடைந்துவிடும். உச்சம் மென்பொருளில் -12 பக்கம் நிற்கும்படி ப்ரீஆம்ப் கெயினைப் பிடியுங்கள். உண்மையான பதிவு தொடங்கியதும் யாரும் சோதனையில் பாடியதைவிட உரக்கத்தான் பாடுவார்கள், அதற்கும் இடம் வேண்டும்.

அப்புறம் லோ-கட்டைப் போடுங்கள். அதன் பிறகு கம்ப்ரசர்: விகிதம் 2:1 அல்லது 3:1, அட்டாக் 15, ரிலீஸ் 250. உச்ச வரியில் மட்டும் முள் மூன்று நான்கு டெசிபல் இறங்கும் வரை திரெஷோல்டைக் குறையுங்கள். மெல்லிய வரியில் முள் அசையவே கூடாது. இப்போது பாடகரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனில் மௌனத்தைக் கேளுங்கள். ஃபேனோ தெருவோ முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தால் மேக்கப் கெயினைக் குறையுங்கள். இரண்டு மைக் துளை உள்ள இன்டர்ஃபேஸ் என்றால், முதல் சில மாதங்களுக்கு இன்னொரு மைக்கை ஸ்ட்ரிப் இல்லாமல் நேராகப் பக்கத்தில் வைத்து ஒரு காப்புப் பதிவு எடுங்கள். அதுவும் என் ஒன்பது பாட்டுச் செலவில் கற்றதுதான்.

எல்லாம் சரியாகி, பாடுகிறவர் தலையாட்டியதும், முகப்பைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து அவர் பெயரில் சேமித்து வையுங்கள். அவனியாபுரத்து அண்ணனுக்கு என்னிடம் இருக்கும் படத்தில் கம்ப்ரசர் முள் இரண்டரை டெசிபலில் நிற்கிறது. போன வாரம் வந்தவர் பாடி முடித்துக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு ஃபேன் லீவா தம்பி?" என்றார். ஃபேன் மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.